இரண்டாவது கையெழுத்து

அந்த டயாலிசிஸ் சென்டரில் ஆறு மிஷின்கள், ஆறு சாய்வு நாற்காலிகள், தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓர் அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெக்னீஷியன். கீழே மருந்துக்கடையும் ஜெராக்ஸ் கடையும். மேலே முதல் மாடியில் இது. லிப்ட் உண்டு, ஆனால் அது ஒழுங்காக ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டெக்னீஷியனுக்குப் 'பூங்கை' என்று பெயர் வைத்தவர் மூன்றாம் நாற்காலிக்காரர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். "இந்தம்மா ஊசி போட்டா, போட்டாச்சான்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அவள் பூங்கை சிஸ்டர் ஆகிவிட்டாள். தான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று முதல் வருஷம் திருத்திப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்த இடம் கயிறுபோலப் பருத்து நிற்கும்; மேலே விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். வாரத்துக்கு மூன்று நாள், அதில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்ற வேண்டும். ஊசி ஒரு நூலிழை தப்பினால் ரத்தம் தோலுக்கடியில் பாய்ந்து கை வீங்கிப்போகும். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு தினுசு. போஸ்ட்மாஸ்டருடையது முழங்கைக்கு மேலே வளைந்து ஓடும். இரண்டாம் நாற்காலி லாரி டிரைவருடையது கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். முதல் நாற்காலி தையற்காரியுடையதுதான் பொல்லாத கை. குழாய் ஆழத்தில் கிடந்தது, தொட்டால் நழுவும். அந்தக் கையைப் புரிந்துகொள்ளவே பூங்கைக்கு நாலு மாசம் பிடித்தது. அதன் பிறகு வேறு யாரையும் அந்தக் கையைத் தொடத் தையற்காரி விட்டதில்லை. விடுவதற்கு வேறு யாரும் இருந்ததும் இல்லை.

இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஒரு ஷிப்டுக்கு இரண்டு டெக்னீஷியன்கள். ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்பு கூட இருந்தவன் வெளிநாட்டு வேலை கிடைத்துப் பறந்துவிட்டான். அன்றைக்கு சென்டரை நடத்தும் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "வேற ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு இடத்துலயும் நீயே போட்டுடும்மா. ஒரு வாரந்தான்" என்றார். அந்த ஒரு வாரம் ஐந்து வருஷமாக நீண்டது. போனவனுடைய கையெழுத்தை, அதன் வால்சுழிப்போடு, அவனைவிட நன்றாகவே அவள் போடப் பழகிவிட்டாள். வருஷத்துக்கு இரண்டு முறை வரும் இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டுவார், டீ குடிப்பார், போய்விடுவார்.

டாக்டரைக் கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. பூங்கையின் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது வீடு தேடி வந்து பார்த்தவர். "நீ இல்லேன்னா இந்த சென்டரே இல்லைம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு நாலு மாசம் ஓடிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் போன் வரும். பள்ளியில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, மகள் முதல் வரியாக, 'என் அம்மா போனில் மிகவும் அன்பாகப் பேசுவார்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். பூங்கையின் கணவன் அதை உரக்கப் படித்துச் சிரித்தான்; அவளால்தான் சிரிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூடப் படித்தவளிடமிருந்து போன் வந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். "இங்க நாலு மிஷினுக்கு ரெண்டு பேருடி. லீவுன்னா லீவுதான். புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்து தலையைக் காட்டு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

புதன்கிழமைக்கு லீவு கேட்டால் எதற்கு என்பார்கள். செவ்வாய்க்கிழமை மாலை டாக்டரின் அறை வாசலில் நின்றுகொண்டு பூங்கை வாயில் வந்ததைச் சொன்னாள். "மாமியாருக்கு நெஞ்சு வலி டாக்டர். நாளைக்கு ஆஸ்பத்திரியில காட்டணும்."

டாக்டர் பதறிப்போய் எந்த ஆஸ்பத்திரி, ஈசிஜி எடுத்தார்களா என்றெல்லாம் கேட்டார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க அவள் இன்னும் நாலு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில், "சரி, என் கிளினிக் நர்ஸை அனுப்பறேன். நீ கவலைப்படாம போயிட்டு வா" என்றார். நர்ஸ் பல வருஷமாக ஊசி போடுகிறவள்தான். ஆனால் இந்தக் கைகளுக்கு இல்லை. அது பூங்கைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை நேர்காணல் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வார்டைச் சுற்றிக் காட்டினார்கள். வெளிச்சமான பெரிய ஹால். ஒருத்தி ஊசி போட, இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வறையில் யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தக் காட்சியைப் பார்த்ததும் பூங்கை அந்த வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடுத்த திங்கட்கிழமையே சேர முடியுமா?" என்று கேட்டார்கள். இரண்டு நாளில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, அணைத்து வைத்திருந்த போனை உயிர்ப்பித்தாள்.

தவறிய அழைப்புகள் பதினொன்று.

நர்ஸ் அழுதுகொண்டே பேசினாள். "முதல் சேர்க்காரம்மா கை வீங்கிடுச்சு சிஸ்டர். ஊசி உள்ள போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். மிஷினை ஓடவிட்டதும் கை பலூன் மாதிரி ஆயிடுச்சு. நிறுத்திட்டேன். டாக்டர் திட்டறார். நீங்க வர முடியுமா? ஐயோ, உங்க மாமியார் வேற…"

"வரேன்" என்று பூங்கை சொன்னாள்.

சொன்னவள் உடனே கிளம்பவில்லை. அவள் சொல்லியிருந்த ஆஸ்பத்திரி வேறு திசையில், வேறு தூரத்தில் இருந்தது. இப்போதே போய் நின்றால் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்பார்கள். கட்டியிருந்த இஸ்திரிப் புடவை வேறு காட்டிக்கொடுக்கும். பஸ் நிறுத்தத்தின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ்களை விட்டாள். சான்றிதழ் பைலைக் கைப்பைக்குள் மடக்கித் திணித்தாள். தலையை லேசாகக் கலைத்துக்கொண்டாள். ஐஸ் வைத்தார்களா, அழுத்திப் பிடித்தார்களா, உள்ளே ஓட்டம் நின்றுபோய்விட்டதா என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. உடம்பு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நாற்பது நிமிஷம். பின்னாளில் அவளை விடாமல் அரித்தது பொய்கூட இல்லை, இந்த நாற்பது நிமிஷந்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தையற்காரி முதல் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை தடித்து நீலம் பாரித்திருந்தது. பூங்கை ஓடிப்போய் விரல் வைத்துப் பார்த்தாள். உள்ளே விர்ரென்ற ஓட்டம் மெலிதாக இருந்தது. நல்லவேளை, குழாய் அடைபடவில்லை. ஐஸ் பையை மாற்றி, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள்.

தையற்காரி கண்ணைத் திறந்தாள். "அத்தையை விட்டுட்டு ஏன் சிஸ்டர் ஓடி வந்தீங்க? அங்க யார் இருக்கா?"

"அவர் இருக்கார்."

"டாக்டர் என்ன சொன்னாங்க? பயமில்லையே?"

"பயமில்லை" என்றாள் பூங்கை. குரல் யாருடையதோ போலிருந்தது.

"அப்பாடா. இது கிடக்குது விடுங்க. வீக்கந்தானே, வடிஞ்சிடும். உங்க மேல யார் என்ன தப்பு சொல்ல முடியும்? வீட்டுல பெரியவங்களுக்கு முடியலைன்னா போகத்தானே வேணும்?"

ஐஸ் பையைப் பிடித்திருந்த பூங்கையின் விரல்கள் மரத்துப்போயின. அவள் எடுக்கவில்லை.

கிளம்பும்போது போஸ்ட்மாஸ்டர் ஒரு பையை நீட்டினார். உள்ளே ஆறு ஆப்பிள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "உங்களுக்கில்லம்மா, உங்க மாமியாருக்கு. நீங்க யாரு வேணாம்னு சொல்ல?" என்று அதட்டிக் கையில் திணித்தார்.

வீட்டில் மாமியார் நாற்காலியில் ஏறி நின்று ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சு வலிக்காரி. பையைப் பார்த்ததும் இறங்கி வந்து, "ஏது இவ்வளவு பழம்?" என்றாள். மறைக்கத் தெம்பில்லாமல் பூங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நின்ற இடத்திலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, பொய் சொன்னதுதான் சொன்ன, கால் சுளுக்கு, பல்லு வலின்னு சின்னதா ஒண்ணும் அகப்படலையா? எடுத்த எடுப்புல நெஞ்சையா பிடிச்ச?"

"அவசரத்துல வாயில அதான் வந்தது அத்தை."

"நல்லா வந்தது போ." ஆப்பிளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு கை சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"ஆகும். மூணு வாரமாவது ஆகும்."

"அவ தைக்கிறவதானே?"

பூங்கை அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அந்தப் பழங்களை வீட்டில் யாரும் தொடவில்லை. மகள் ஒன்றை எடுக்கப் போனபோது மாமியார், "வை அதை" என்றாள். நாலைந்து நாளில் தோல் சுருங்கத் தொடங்கியதும் யார் எடுத்து என்ன செய்தார்களோ, காணவில்லை.

மறுநாள் பூங்கை வீக்கத்துக்கு மேலே புது இடம் கண்டுபிடித்து, இரண்டு ஊசிகளையும் ஏற்றி, விட்டுப்போன டயாலிசிஸை முடித்தாள். தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இடதுகை முழுக்கக் கத்திரிக்காய் நிறம். துணியை இழுத்துப் பிடிக்க முடியாது. மிஷினில் உட்கார முடியாது. ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர், அறுபது உருப்படி, வெட்டிப் பாதி தைத்து வைத்திருந்தாள். அதை அன்றைக்குக் காலைதான் பள்ளிக்காரர்கள் வந்து மூட்டை கட்டி வேறொரு கடைக்கு எடுத்துப் போனார்களாம்.

"பட்டன் மட்டுந்தான் பாக்கி, கொஞ்சத்துக்கு" என்றாள், கூரையைப் பார்த்தபடி. "பரவாயில்லை. சட்டைக்குக் கழுத்து நல்லா விழுந்திருந்தது."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வெள்ளி. பூங்கை போனை எடுத்தாள், வைத்தாள். வேண்டாமென்று சொல்லிவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று ஒரு நேரம் தோன்றியது. மறுநேரம், எப்படித் தீரும் என்று தோன்றியது. அவள் இங்கேயே கிடந்தாலும் அடுத்த முறை அவளுக்கே காய்ச்சல் வந்து படுத்தால் இதே கதிதானே? வேறு யாருக்கும் அந்தக் கை பழகவில்லை. ஏன் பழகவில்லை? ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? அங்கேதான் அவள் சிக்கிக்கொண்டாள். பதிவேட்டின்படி ஆள் இருக்கிறானே! ஐந்து வருஷமாக ஒருநாள்கூட லீவு போடாமல், வால்சுழிப்போடு, அவளுடைய பேனாவிலிருந்தே வந்து போய்க்கொண்டிருக்கிறான்.

போன் செய்து, சேர்வதற்கு ஒரு மாசம் டைம் வேண்டும் என்று கேட்டாள். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை தையற்காரியின் கையில் ஊசி ஏற்றி, டேப் ஒட்டி முடித்ததும் பூங்கை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க அத்தைக்கு ஒண்ணும் இல்லை. நெஞ்சு வலியே வரலை. நான் அன்னிக்கு வேற வேலைக்கு இன்டர்வியூ போனேன்."

தையற்காரி அவளைப் பார்த்தாள். பூங்கை நிறுத்தவில்லை, நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். கையெழுத்தைச் சொன்னாள்.

தையற்காரி டேப் ஒட்டிய தன் கையைப் பார்த்தாள்.

"கை வீங்கிக்கிட்டே வந்தப்போ உயிரே போற மாதிரி இருந்தது சிஸ்டர்" என்றாள் தையற்காரி மெதுவாக. "அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நமக்குக் கைதான், அங்க அவங்க அத்தைக்கு நெஞ்சு, பாவம் அவங்க என்ன தவிக்கிறாங்களோன்னு நினைச்சேன். அதை நினைச்சு நினைச்சுத்தான் வலியைத் தாங்கினேன்."

பூங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுந்து போங்க. அங்க மூணாவது மிஷின் கூப்பிடுது" என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள் தையற்காரி. அதன் பிறகு அவள் பூங்கையோடு பேசவில்லை. எடை என்ன என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்வாள்.

திங்கட்கிழமை காலை பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டாள் பூங்கை. பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு இழுத்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். பதிவேடு மேஜைமேல் விரிந்து கிடந்தது.

"என்னம்மா இது கோடு?"

"ஆள் இல்லை டாக்டர். அதான்."

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் வருது. தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரிஞ்சுதான் பண்றேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் வர்றாங்கம்மா இந்தக் காலத்துல? விளம்பரம் கொடுத்தா ஒருத்தன் திரும்பிப் பாக்கமாட்டேங்கிறான்."

கடைசியாக எப்போது விளம்பரம் கொடுத்தீர்கள் என்று கேட்க நினைத்தாள். அதற்குப் பதில், "இந்த மாசக் கடைசியோட நானும் போறேன் டாக்டர். வேற இடத்துல கிடைச்சிருக்கு" என்றாள்.

அவர் முகம் ஒரேயடியாகத் தொங்கிப்போயிற்று. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இவங்களையெல்லாம் விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருதா?" என்று கேட்டார்.

சரியாக எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கணம், போகவில்லை என்று சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது.

"வரல டாக்டர்" என்றாள். "ஆனா போறேன். அதுவரைக்கும் புதுசா வர்றவங்களுக்கு ஒவ்வொரு கையா பழக்கிக் கொடுக்கறேன். ஆளைப் போடுங்க."

ஒன்பது நாள். அவ்வளவுதான் பிடித்தது. பத்தாம் நாள் காலையில் இரண்டு பேர் வேலைக்கு வந்து நின்றார்கள்: வேறோர் ஊரில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்த நடுவயதுக்காரர் ஒருவர், இரட்டைக் குழந்தைகள் பிறந்தபின் மறுபடியும் வேலை தேடிய ஒருத்தி. இருவரும் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். அவர்களைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும் என்று பூங்கை நினைத்திருந்தாள். ஆனால் நிம்மதி வரவில்லை. ஒன்பது நாளில் நடந்திருக்கக்கூடியது ஐந்து வருஷமாக நடக்கவில்லை. நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டது டாக்டர் மட்டுமா? தினமும் இரண்டு முறை கையெழுத்துப் போட்டு, தான் இல்லாவிட்டால் இந்த இடமே இல்லை என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தவள் யார்? இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு கையாகப் பழக்கினாள். டிரைவரின் கை முதல் நாளே கைவந்தது. போஸ்ட்மாஸ்டர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, குத்துங்க, நான் வேற பக்கம் பாத்துக்கறேன்" என்று கொடுத்தார். தையற்காரி மட்டும் கையை நீட்டவில்லை. நீலம் மஞ்சளாகி, மஞ்சளும் மங்கிக்கொண்டிருந்தது. பூங்கைதான் ஊசி போட வேண்டும் என்று அவள் சொல்லவும் இல்லை. வேறு யாராவது பக்கத்தில் வந்தால் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள்.

கடைசிக்கு முந்தின நாள் பூங்கை கேட்டேவிட்டாள். "நாளைக்கு அப்புறம் நான் இருக்கமாட்டேன். இன்னிக்கு அவர் போடட்டும். நான் பக்கத்துல நிக்கறேன்."

தையற்காரி, புதிதாக வந்த நடுவயதுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பூங்கையைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். "போடட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நீங்க நின்னா அவர் உங்க முகத்தைப் பாப்பாரு, என் கையைப் பாக்கமாட்டாரு."

பூங்கை வெளியே போய் மாடிப்படியருகே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. கால் தானாகக் கதவை நோக்கி நகர்ந்தது, பிடித்து நிறுத்திக்கொண்டாள். "அங்க இல்லைங்க. நழுவும். விரலால ஓரமா அணை கொடுங்க… இன்னும் கொஞ்சம் கீழ… ஆ, அங்கதான்" என்று தையற்காரியின் குரல் கேட்டது. நாலு வருஷமாகத் தான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்ததை அந்தக் கைக்காரியும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். பம்ப் சுற்றத் தொடங்கியது. பூங்கை சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணி நேரம் கழித்து ஊசியை எடுத்ததும் பத்து நிமிஷம் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். புதியவர் வந்தார். தையற்காரி தலையசைத்து அவரை அனுப்பிவிட்டு, கையைப் பூங்கையின் பக்கம் நீட்டினாள். பூங்கை வந்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிஷந்தான் அவர்கள் ஊர்க்கதை பேசும் நேரம்.

"வலிச்சதா?"

"வலிச்சது. நீங்க போட்டாலும் வலிக்கத்தான் செய்யும். சொன்னதில்லை, அவ்வளவுதான்."

பூங்கை, "அந்த சீருடை…" என்று ஆரம்பித்தாள்.

"அதை விடுங்க. அதைப் பத்திப் பேசினா எனக்கு மறுபடியும் கோபம் வரும்."

விட்டாள்.

"அங்க போயாவது உண்மையைச் சொல்லி லீவு எடுங்க" என்றாள் தையற்காரி. சிரிக்கவில்லை; கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.

பூங்கை தலையாட்டினாள். கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. அந்த மூன்று நிமிஷமும் பஞ்சை எடுக்காமல் பிடித்திருந்தாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டி, எடை பார்த்து, அதை எழுதிவிட்டு, பூங்கை இரண்டாம் நாற்காலிக்குப் போனாள். அங்கே டிரைவர், தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று எப்போதோ சத்தம் போட ஆரம்பித்திருந்தார்.